சாய்ந்த துளைகள்

பசை போடுவதற்கு முன் எல்லாவற்றையும் சும்மா சேர்த்து வைத்துப் பார்ப்பது சம்சுன்னிசாவின் வழக்கம். அன்றைக்கும் அப்படித்தான், புத்தக அலமாரியின் இரண்டு பக்கப் பலகைகளுக்கு நடுவே ஐந்து தட்டுகளில் மூன்றைச் சொருகி, ரப்பர் சுத்தியலால் மெல்ல அடித்து இறக்கி, கிளாம்ப் போட்டு இறுக்கினார். குனிந்து தட்டுகளின் அடிப்பக்கத்தைப் பார்த்தவர், தொலைபேசி விளக்கை எரியவிட்டு மறுபடியும் பார்த்தார்.

“தர்ஷனா, இங்க கொஞ்சம் வாயேன்.”

பக்கத்து பெஞ்சில் ஒரு ஸ்டூலுக்கு உப்புத்தாள் தேய்த்துக்கொண்டிருந்த தர்ஷனா எழுந்து வந்தாள். தட்டின் மேல்பக்கம் பலகையோடு நன்றாக ஒட்டி நின்றது. கீழ்ப்பக்கம் ஒட்டவில்லை. பின்னாலிருந்து விளக்கைப் பிடித்தால் முன்னால் வெளிச்சம் ஒரு கோடாகத் தெரிந்தது. ஒரு தட்டில் மட்டுமில்லை, மூன்றிலும், இரண்டு முனைகளிலும்.

“இன்னும் கொஞ்சம் இறுக்கிப் பாக்கலாமா அக்கா?”

“இறுக்கியாச்சு. இதுக்கு மேல போனா பலகை கீறிடும்.” சம்சுன்னிசா கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டார். “துளை சாஞ்சு விழுந்திருக்கு. எல்லாமே ஒரே பக்கமா.”

 புதன்கிழமை சாயங்காலம் துளை போடும் மெஷின் சிமெண்டுத் தரையில் விழுந்த சத்தம் தர்ஷனாவின் காதில் மறுபடியும் கேட்டது.

அவர்கள் இருவரும் காக்கி புக்கிட்டில் ஒரு தொழிற்கட்டடத்தின் மேல்மாடியில் பெஞ்சு வாடகைக்கு எடுத்திருந்தார்கள். மரவேலையைப் பொழுதுபோக்காகச் செய்பவர்களுக்கான இடம் அது. சம்சுன்னிசா பாலிகிளினிக் என்கிற அரசு மருந்தகத்தில் தாதி. ஐம்பதைத் தாண்டியவர், பிடோக்கில் வீடு. தர்ஷனாவுக்கு நாற்பது ஆகவில்லை. கப்பல் கம்பெனி ஒன்றில் வேலை, ஃபேரர் பார்க்கில் கணவன் ஜனகனோடு இருந்தாள். ஒரே நாளில் ஒரே தொடக்க வகுப்பில் சேர்ந்து, ரம்பத்தை எந்தப் பக்கம் பிடிப்பது என்று தெரியாமல் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்ததில் ஆரம்பித்த பழக்கம். சனிக்கிழமை என்றால் இருவருக்கும் அங்கேதான்.

ஜாயினர் மெஷின் சம்சுன்னிசாவுடையது. தட்டின் ஓரத்தில் ஒரு நீளத்துளை, பக்கப் பலகையில் அதற்கு நேராக இன்னொன்று, இரண்டுக்கும் நடுவில் டெனன் என்கிற தட்டையான சின்னக் கட்டை. பசை தடவி இறுக்கிவிட்டால் ஆணியும் தெரியாது, ஸ்குரூவும் தெரியாது. தட்டு ஆயுசுக்கும் அசையாது. மெஷினின் முன்னால் மடக்கி நிமிர்த்தும் உலோகத் தகடு ஒன்று உண்டு. அதைத் தொண்ணூறு டிகிரியில் நிறுத்தி, பலகையின் மேல் அழுத்திப் பிடித்துக்கொண்டு தள்ளினால் துளை நேராக விழும்.

“லாக்கர் சாவி உன்கிட்டயும் ஒண்ணு இருக்கட்டும். வேணும்னா எடுத்துக்கோ, என்னக் கேக்க வேணாம்லா” என்று சம்சுன்னிசாவே கொடுத்திருந்தார். தர்ஷனாவும் பலமுறை எடுத்திருக்கிறாள். அந்தப் புதன்கிழமை வேலை முடிந்து, மெஷினைப் பெஞ்சின் விளிம்பில் வைத்துவிட்டுத் திரும்பியபோது, தூசி உறிஞ்சும் குழாய் அவள் காலில் சிக்கியது. குழாய் மெஷினையும் இழுத்துக்கொண்டு வந்தது. முன்தகடு தரையில் பட விழுந்தது. பதறிப்போய் எடுத்துச் சுவிட்சைப் போட்டுப் பார்த்தாள். ஓடியது. தகட்டின் மூலையில் லேசான கீறல். அதைத் துணியால் துடைத்துப் பெட்டியில் வைத்துப் பூட்டிவிட்டுப் போய்விட்டாள். சனிக்கிழமை பார்க்கும்போது சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தாள். சனிக்கிழமை அவள் வருவதற்குள் சம்சுன்னிசா துளைகளைப் போட்டு முடித்திருந்தார்.

இப்போது சொல்லிவிட வேண்டும் என்று வாயைத் திறந்தாள்.

“மெஷின் மேல தப்பில்ல” என்றார் சம்சுன்னிசா, அவள் முகத்தைப் பார்க்காமல். “நான்தான் சாய்ச்சுப் பிடிச்சிருக்கேன். எனக்கே தெரியாம கை சாயுது.”

அவர் வலது கையை முன்னால் நீட்டி, விரல்களை விரித்துப் பார்த்தார்.

“எங்க அத்தாவுக்கு இப்படித்தான் ஆரம்பிச்சுச்சு. முதல்ல கையெழுத்து சாஞ்சுச்சு. அப்புறம் சட்டைப் பட்டன் போட முடியல. கடைசில நான்தான் சோறு ஊட்டுனேன். ஒரு பருக்கை கீழ விழுந்தாலும் அழுவாரு.” அப்பாவை நினைத்துக் கையை மடக்கிக்கொண்டார். “சில பேருக்கு அந்த நடுக்கு வாதம் குடும்பத்துல வருமாம்.”

“அப்படியெல்லாம் இருக்காது அக்கா. டயர்டா இருந்திருப்பீங்க.”

தன் வாயிலிருந்து வந்தது அதுதான் என்பதைத் தர்ஷனாவால் நம்ப முடியவில்லை. சம்சுன்னிசா கைகழுவப் போன நேரத்தில், மெஷினை எடுத்து, செங்கோணம் சரிபார்க்கும் மூலைமட்டத்தை அதன் தகட்டில் வைத்துப் பார்த்தாள். இரும்புக்கும் தகட்டுக்கும் நடுவே மெல்லிய இடைவெளி. சந்தேகப்பட ஒன்றும் மிச்சமில்லை. காலடிச் சத்தம் கேட்டதும் மூலைமட்டத்தைச் சட்டென்று கீழே வைத்தாள்.

வீட்டில் ஜனகனிடம் சொன்னாள். அவன் காய்ந்த துணியை மடித்துக்கொண்டே கேட்டான்.

“இவ்வளவுதானே? சொன்னா என்ன, அடிச்சிடவா போறாங்க?”

“அடிக்க மாட்டாங்க.”

“அப்புறம் என்ன? இப்பவே ஃபோன் பண்ணு.”

அவள் ஃபோன் செய்யவில்லை. விழுந்ததைச் சொல்வது சுலபம்தான். அவர் கையை நீட்டிப் பார்த்தபோது பக்கத்தில் நின்றுகொண்டு “டயர்டா இருந்திருப்பீங்க” என்று சொன்னதைத்தான் எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. அதற்கு ஒரு வழி இருக்கிறது என்று அவளுக்குத் தோன்றியது. மெஷினைச் சரி செய்துவிட்டால் போதும். அடுத்த சனிக்கிழமை அக்கா புதிதாகத் துளை போடுவார், நேராக விழும், பயம் தானாகப் போய்விடும். யாரும் எதையும் சொல்ல வேண்டியிருக்காது.

செவ்வாய்க்கிழமை அலுவலகத்திலிருந்து நேரே பட்டறைக்குப் போனாள். வளைந்தது தகடு இல்லை. அதைத் தொண்ணூறில் நிறுத்தும் சிறு முளைதான் நகர்ந்திருந்தது. ஸ்குரூவைத் தளர்த்தி, மூலைமட்டத்தை வைத்துக்கொண்டு கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்தி முடுக்கினாள். வேண்டாத பலகைத் துண்டுகளில் துளை போட்டுச் சேர்த்துப் பார்த்தாள். இடைவெளி இல்லை. அந்தத் துண்டுகளை அங்கே இருந்த குப்பைத் தொட்டியில் போட மனம் வராமல், பையில் வைத்து எடுத்துப்போய் எம்ஆர்டி நிலையத்துக்கு வெளியே இருந்த தொட்டியில் போட்டாள். அதைச் செய்யும்போதே தான் ஒரு திருடி மாதிரி நடந்துகொள்வது அவளுக்குத் தெரிந்தது. ஆனாலும் ரயிலில் உட்கார்ந்ததும் மனம் லேசாகிவிட்டது.

சனிக்கிழமை சம்சுன்னிசா தாமதமாக வந்தார். முகம் வீங்கியிருந்தது. மிச்சமிருந்த இரண்டு தட்டுகளைப் பெஞ்சின் மேல் வைத்துவிட்டு, நாற்காலியில் உட்கார்ந்துகொண்டார்.

“நீயே துளை போட்டுடு தர்ஷனா. நான் கோடு மட்டும் கிழிச்சுத் தர்றேன்.”

“நீங்களே போடுங்க அக்கா. இன்னைக்கு நேரா வரும்.”

“வேணாம்மா.” அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டார். “சிஸ்டர் இன்சார்ஜ்கிட்ட சொல்லிட்டேன், இனிமே நான் பிளட் எடுக்கலன்னு. கவுண்டர் வேலைல போட்டுட்டாங்க.”

தர்ஷனா கையில் பிடித்திருந்த பென்சிலை வைத்துவிட்டாள். ஊசிக்குப் பயப்படும் குழந்தைகளை அந்த பாலிகிளினிக்கில் சம்சுன்னிசாவிடம்தான் அனுப்புவார்கள். அதைப் பற்றிப் பேசும்போது அவருக்கு முகமெல்லாம் மலர்ந்துவிடும்.

“ஏன் அக்கா அப்படிச் செஞ்சீங்க? யாராவது ஏதாவது சொன்னாங்களா?”

“யாரும் சொல்லல. ஒரு புள்ளையோட நரம்புல ஊசிய வைக்கப் போறப்ப, அந்தத் தட்டு ஞாபகம் வந்துச்சு. கை சாஞ்சா மரத்துல இடைவெளி விழும். புள்ள கைல என்ன ஆகும்? எனக்குத் தெரியாம சாயுதுங்கிறதுதான் பயமா இருக்கு.”

“ஒரு தடவை போட்டுப் பாருங்க. எனக்காக.”

சம்சுன்னிசா எழுந்து மெஷினைத் தூக்கினார். கை உண்மையாகவே நடுங்கியது. பார்த்ததும் மறுபடியும் கீழே வைத்துவிட்டார். “பாத்தியா” என்றார்.

அதற்கு மேல் வற்புறுத்தத் தர்ஷனாவால் முடியவில்லை. அவர் கிழித்துக்கொடுத்த கோடுகளின் மேல் அவளே தகட்டை அழுத்தி வைத்து, துளைகளைப் போட்டாள். சம்சுன்னிசா டெனன்களைச் சொருகித் தட்டுகளை இறக்கினார். இரண்டும் பலகையோடு ஒட்டி நின்றன. மேலேயும் கீழேயும் நகம்கூட நுழையவில்லை. சம்சுன்னிசா விளக்கைப் பிடித்து நெடுநேரம் பார்த்தார்.

“அழகா வந்திருக்கு” என்று அவள் தோளைத் தட்டினார். “நல்லதாப் போச்சு. மெஷின்ல ஏதாச்சும் கோளாறா இருக்குமோன்னு மனசுல ஒரு மூலையில நெனச்சுக்கிட்டே இருந்தேன். அதுவும் இல்லன்னு தெரிஞ்சுபோச்சு. அதே மெஷின், அதே மரம். என் கைதான்.”

தர்ஷனா கழிவறைக்குள் போய்க் கதவைத் தாழிட்டுக்கொண்டாள். தான் மூடி மறைக்கச் செய்த வேலை இப்போது சாட்சியாக வந்து அந்த மனுஷிக்கு எதிராக நின்றுவிட்டது. வெளியே போய்ச் சொல்லிவிட வேண்டும், இப்போதே சொல்லிவிட வேண்டும் என்று முகத்தைக் கழுவினாள். வெளியே வந்தபோது சம்சுன்னிசா தன் உளிகளை ஒவ்வொன்றாகத் துடைத்து, வைத்துக்கொள்ளுங்கள் என்று இன்னொரு பெஞ்சுக்காரருக்குக் கொடுத்துக்கொண்டிருந்தார். தர்ஷனா பையை எடுத்துக்கொண்டு, தலைவலிக்கிறது என்று சொல்லிவிட்டுக் கிளம்பிவிட்டாள்.

சில நாள் கழித்து ஆரிஃப் அழைத்தான். சம்சுன்னிசாவின் ஒரே மகன். செங்காங்கில் வாங்கிய புது வீட்டுக்கு அவனும் மனைவியும் குடிபோகவிருந்தார்கள். அந்தப் புத்தக அலமாரியே அவர்களுக்காகத்தான். தேக்கா சந்தையின் சாப்பாட்டுக் கடைகளுக்கு நடுவே ஒரு மேசையில், ஆளுக்கொரு கோப்பை தே தாரிக் தேநீரோடு உட்கார்ந்தார்கள்.

“ஆன்ட்டி, ஐ நீட் டு ஆஸ்க் யூ சம்திங். நீங்கதான் அம்மாகூட வீக்லி இருக்கீங்க. கை நடுங்குறத நீங்க பாத்தீங்களா?”

தர்ஷனா கோப்பையைக் கரண்டியால் கலக்கினாள்.

“நியூரோ டாக்டர்கிட்ட அப்பாயிண்ட்மெண்ட் எடுத்திருக்கேன். அதுக்கு இன்னும் நாளாகும்” என்றான் அவன். “அதுவரைக்கும் எப்படி இருக்கப் போறாங்கன்னு தெரியல. தினமும் காலையில ஒரு கிளாஸ்ல தண்ணிய விளிம்பு வரைக்கும் ஊத்தி, கைல பிடிச்சுக்கிட்டு ஜன்னல்கிட்ட நிக்கிறாங்க. தண்ணி ஆடுதான்னு பாக்கறாங்க. நான் பாத்தது அவங்களுக்குத் தெரியாது.”

“அக்கா கை நல்லாத்தான் இருக்கு ஆரிஃப்.”

“எல்லாரும் இதத்தான் சொல்றீங்க. என்னை கம்ஃபர்ட் பண்ணாதீங்க ஆன்ட்டி, உண்மையச் சொல்லுங்க.”

அவன் கண் கலங்கியிருந்தது. மீன்கடைப் பக்கமிருந்து தள்ளுவண்டிக்காரர் ஒருவர் வழிவிடச் சொல்லிக் கத்தினார். தர்ஷனா நாற்காலியை நகர்த்திக்கொண்டாள். வண்டி கடந்து போன பிறகு, “உங்கம்மாகிட்ட நான் பேசுறேன்” என்று மட்டும் சொன்னாள். அவன் நன்றி சொன்னான். அந்த நன்றியை வாங்கிக்கொண்டு சிராங்கூன் சாலையில் நடந்தபோது, எதிரே வந்தவர்களின் முகத்தைப் பார்க்கவே அவளுக்குக் கூசியது.

அன்று மாலையே சம்சுன்னிசாவிடமிருந்து அழைப்பு வந்தது. “வீட்டுக்கு வா. உனக்கு ஒண்ணு தரணும்.”

மறுநாள் பிடோக் வீட்டில் கதவு திறந்தபோதே கண்ணில் பட்டது. வாசலுக்கு உள்ளே ஜாயினர் மெஷின், அதன் பெட்டியில். மேலே டெனன்கள் நிரம்பிய துணிப்பை.

“நீ வச்சுக்கோ. உன் கைல இருந்தா அதுக்கு நல்லது” என்றார் சம்சுன்னிசா. உள்ளே போய் ஒரு தட்டத்தில் காப்பி எடுத்துவந்தார். இரண்டு கோப்பைகளிலும் பாதிதான் இருந்தது. சிந்தாமல் கொண்டுவருவதற்காக அப்படி ஊற்றியிருக்கிறார் என்று புரிந்ததும் தர்ஷனா எழுந்து நின்றுவிட்டாள்.

“அக்கா, உங்க கைல ஒண்ணுமே இல்ல. மெஷின நான் கீழ போட்டுட்டேன்.”

சம்சுன்னிசா தட்டத்தைக் கையில் வைத்தபடியே நின்றார்.

“என்ன சொல்ற?”

“நீங்க துளை போடுறதுக்கு முந்தின புதன்கிழமை. ஹோஸ் கால்ல மாட்டிக்கிச்சு. விழுந்ததுல முன்னாடி இருக்கிற தகடு சாஞ்சுபோச்சு. அதனாலதான் துளை சாஞ்சுச்சு. உங்க கையால இல்ல.”

தட்டம் மேசைக்கு வந்தது. சம்சுன்னிசா சோஃபாவின் ஓரத்தில் உட்கார்ந்தார்.

“அப்ப, அந்த சனிக்கிழமை நான் உன்னக் கூப்பிட்டுக் காட்டுனப்ப உனக்குத் தெரியும்.”

“சந்தேகமா இருந்துச்சு.”

“தெரியுமா தெரியாதா?”

“தெரியும் அக்கா.”

 சம்சுன்னிசா நெற்றியைச் சுருக்கினார்.

“இல்லயே. அடுத்த வாரம் நீ போட்டப்ப நேரா விழுந்துச்சே.”

இந்தக் கேள்வி வரும் என்று தர்ஷனாவுக்குத் தெரியும். பிடோக் வரும் வரை அதற்கான பதிலைத்தான் மனதுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்தாள். ஒன்றுகூட இப்போது நினைவில் இல்லை.

“நடுவுல ஒரு நாள் போய் நான் சரி பண்ணிட்டேன். உங்களுக்குத் தெரியாம.”

சம்சுன்னிசா அவளையே பார்த்தார். தர்ஷனா கத்தலை எதிர்பார்த்தாள். அவர் கத்தவில்லை.

“விழுந்தத நான் ஒரு நிமிஷத்துல மறந்திருப்பேன். மெஷின்தானே. ஆனா நீ அதச் சரி பண்ணிட்டு வந்து, என் கண்ணு முன்னாடி நின்னு, நேரா துளை போட்டுக் காட்டுன பாரு. நான் உன் தோள்ல தட்டிக்கொடுத்தேன். அப்பவும் நீ பேசல.”

“உங்களுக்கு நல்லபடியா வரணும்னுதான் சரி பண்ணேன். நீங்க போடுவீங்கன்னு நெனச்சேன்.”

“எனக்காகப் பண்ணேன்னு சொல்லாத.”

தர்ஷனா தலையைக் குனிந்துகொண்டாள். அது உண்மைதான். தனக்காகத்தான் செய்தாள்.

“எங்க அத்தா கடைசியா எப்படிப் போனாருன்னு உனக்குச் சொல்லியிருக்கேன். அதையெல்லாம் நான் மறுபடி வாழ்ந்து பாத்துட்டேன், தெரியுமா? யார் எனக்கு ஊட்டுவா, மருமக ஊட்டுவாளா, வேலைக்காரி வைப்பாங்களான்னு.” அவர் கையை நீட்டினார்.  “இப்ப நடுங்குது பாரு. இது நிஜமாவே நடுங்குது.”

தர்ஷனா அந்தக் கையைப் பிடிக்கப் போனாள். சம்சுன்னிசா இழுத்துக்கொண்டார்.

“ஆரிஃபுக்கு ஃபோன் போடு. நீயே சொல்லு. இங்கயே, என் முன்னாடி.”

அவள் சொன்னாள். திக்கித் திக்கி, முதலிலிருந்து கடைசி வரை. மறுமுனையில் அவன் குறுக்கே பேசவில்லை. முடிந்ததும், “தேக்காவுல நான் உங்களக் கேட்டேன் ஆன்ட்டி” என்றான். வேறு எதுவும் சொல்லாமல் வைத்துவிட்டான்.

அவள் கிளம்பும்போது, சம்சுன்னிசா காலால் மெஷின் பெட்டியைச் சுவர் ஓரமாக நகர்த்தினார். “இத விட்டுட்டுப் போ. இது என்னோடது.”

அடுத்த சில வாரங்கள் சம்சுன்னிசா சனிக்கிழமைகளில் வரவில்லை. ஒருநாள் ஒரு குறுஞ்செய்தி மட்டும் வந்தது. கெட்டுப்போன மூன்று தட்டுகளும் உன் பெஞ்சுக்கு அடியில் இருக்கின்றன, சாய்ந்த துளைகளை அடைத்து வை என்று. தர்ஷனா துளைகளில் பசை தடவி, கட்டைகளை அடித்து இறக்கி, காய்ந்ததும் நீட்டிக்கொண்டிருந்ததை அறுத்து, மழமழவென்று தேய்த்துவைத்தாள். ஒரே நாளில் முடித்திருக்கக்கூடிய வேலை. வேண்டுமென்றே கையால் தேய்த்து, விரல்கள் எரிய எரியச் செய்தாள். அடுத்த முறை போனபோது தட்டுகள் அங்கே இல்லை, சம்சுன்னிசா வந்து எடுத்துப்போயிருந்தார்.

மருத்துவர் சம்சுன்னிசாவைப் பரிசோதித்துவிட்டு, நோய் எதுவும் இல்லை என்று சொல்லிவிட்டார். இதை ஜனகன்தான் ஆரிஃபிடம் கேட்டுவந்து சொன்னான். அன்றைக்குத் தர்ஷனா சமையலறையில் நின்று சத்தமில்லாமல் அழுதாள். ஜனகன் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தான்.

செங்காங் வீட்டில் குடிபுகுதலுக்காகத் துஆ என்னும் பிரார்த்தனை ஓதி விருந்து வைத்தபோது, அவர்களுக்கும் அழைப்பு வந்தது. ஜனகனுக்கு அன்று வேலை. தர்ஷனா தனியாகப் போனாள். கூடத்தில் ஆளுயரத்துக்கு அந்த அலமாரி நின்றது. ஐந்து தட்டுகளும் பலகைக்குள்ளிருந்து முளைத்ததைப் போல இருந்தன. அவற்றில் மூன்று ஒருமுறை கெட்டுப்போனவை என்பது வந்தவர்கள் யாருக்கும் தெரியாது. விருந்தினர்கள் சம்சுன்னிசாவைப் பாராட்டிக்கொண்டிருந்தார்கள். ஆரிஃப் பிரியாணித் தட்டைக் கொண்டுவந்து அவளிடம் மரியாதையாகக் கொடுத்தான். மரியாதை மட்டும்தான் இருந்தது.

கூட்டம் குறைந்ததும் சம்சுன்னிசா அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

“மறுபடியும் பிளட் எடுக்க விட்டுட்டாங்களா அக்கா?”

“போன வாரத்துலேருந்து.” அவர் முந்தானையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். “முதல் நாள் ஒரு சின்னப் புள்ள வந்துச்சு. ஊசியக் கைல எடுத்ததும் நின்னுட்டேன். பக்கத்துல இருந்த நர்ஸக் கூப்பிட்டுட்டேன். இப்ப எடுக்கிறேன். ஆனா ஒவ்வொரு தடவையும் ஒரு நொடி என் கையப் பாத்துட்டுத்தான் எடுக்கிறேன். முன்ன பாக்க மாட்டேன்.”

தர்ஷனா மன்னிப்புக் கேட்க வாயெடுத்தாள். ஏற்கெனவே குறுஞ்செய்தியில் பலமுறை கேட்டாகிவிட்டது. இன்னொரு முறை கேட்டால், பரவாயில்லை என்று அவரைச் சொல்லவைப்பது போல ஆகிவிடும். காலியான தட்டை மடியிலிருந்து எடுத்துக் கீழே வைத்தாள்.  இருவரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்கள்.

புறப்படும்போது ஜனகனுக்கென்று ஒரு பொட்டலம் கட்டிக்கொடுத்து, சம்சுன்னிசா லிஃப்ட் வரைக்கும் கூடவே வந்தார்.

“சனிக்கிழமை வருவீங்களா அக்கா?” என்று கேட்டாள் தர்ஷனா.

“நான் ஞாயித்துக்கிழமைக்கு மாத்திக்கிட்டேன்மா. நீ சனிக்கிழமையே வா.”

குரலில் கோபம் இல்லை. லிஃப்ட் வந்தது. தர்ஷனா உள்ளே போய்த் திரும்பிப் பார்த்தாள். கதவு மூடும்வரை சம்சுன்னிசா அங்கேயே நின்றிருந்தார். கீழே இறங்கி எல்ஆர்டி ரயில் நிலையத்துக்கு நடக்கும்போது, பொட்டலத்தின் சூடு அவள் உள்ளங்கையில் ஏறிக்கொண்டிருந்தது.